சளிப் பரிசோதனை: போத்தலைத் தந்துவிட்டுப் போகிறார்களா, சொல்லியும் தருகிறார்களா?

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நிற்கவில்லை என்றால் சளியைச் சோதிக்க வேண்டும் என்பது இப்போது நம் ஆட்களில் பலருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சளியை எங்கே கொடுப்பது, எப்படிக் கொடுப்பது, எந்த இடத்தில் ஒழுங்காகப் பார்க்கிறார்கள் என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் யாரும் எழுதி நான் காணவில்லை. என் பெரியமாமாவுக்காக ஒரு தனியார் லேபுக்கும், அப்புறம் ஓர் அரசாங்க மார்பு நோய் கிளினிக்குக்கும், கடைசியில் பெரிய வைத்தியசாலை ஒன்றுக்கும் அலைந்ததில் பார்த்ததை எழுதுகிறேன். எந்த இடத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. இதை வாசித்தால் எந்த இடத்துக்குப் போனாலும் அந்த இடம் நல்லதா இல்லையா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம், அதுதான் எனக்கு வேண்டும்.

மாமா படுவான்கரையில் வயல் செய்கிறவர். அறுபதைத் தாண்டிவிட்டார், பல வருடமாகச் சீனி வருத்தம் இருக்கிறது. பெரும்போக மழையோடு தொடங்கிய இருமல் நிற்கவே இல்லை, பின்னேரம் ஆனால் காய்ச்சல், சாப்பாடு பிடிக்கவில்லை, சாரம் இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் மனதுக்குள் காசநோய்ப் பயம், வெளியே சொல்லத்தான் ஆள் இல்லை.

முதலில் போனது தனியார் லேப். ஏசி, நல்ல கதிரைகள், நம்பர் துண்டு, மளமளவென்று பில் போட்டுவிடுகிறார்கள். இதெல்லாம் பாராட்ட வேண்டியதுதான். பிறகு ஒரு பிள்ளை வாயகன்ற பிளாஸ்டிக் போத்தல் ஒன்றைத் தந்து, "இதுக்குள்ள துப்பித் தாங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அவ்வளவுதான் விளக்கம். மாமா பாத்ரூம் பக்கம் போய்த் துப்பிக்கொண்டு வந்தார். உள்ளே இருந்தது தெளிந்த நுரைத் தண்ணீர். கவுண்டரில் அதைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த நாள் வடிவாக அச்சடித்த ரிப்போட் வந்தது, நோய்க்கிருமி எதுவும் இல்லை என்று. மாமாவுக்குப் பெரிய சந்தோசம். "நான் சொன்னன்தானே மனே, இது சும்மா மழைச் சளி" என்று என்னிடம் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

அந்த ரிப்போட்டில் எனக்கு இப்போதும் கோபம் இருக்கிறது, ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். துப்பினால் வருவது வாயில் ஊறும் எச்சில். நுரையீரலில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அடி நெஞ்சிலிருந்து இருமி எடுத்தால் வருவதுதான் சோதிக்க வேண்டிய சளி, அது கெட்டியாகவும் பெரும்பாலும் மஞ்சளாகவோ பச்சையாகவோ இழுபடுவதாகவும் இருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல லேப்காரர்களுக்கு வழி இருக்கிறது. மைக்ரோஸ்கோப்பின் சிறிய உருப்பெருக்கத்தில் பார்த்தால் கன்னத்தின் உட்பக்கத்திலிருந்து உரிந்த தட்டைச் செல்களும் தெரியும், சீழ்ச் செல்களும் தெரியும். ஒரு பார்வைப் புலத்தில், அதாவது மைக்ரோஸ்கோப்பில் ஒரே நேரத்தில் தெரிகிற வட்டத்தில், தட்டைச் செல்கள் 10க்குக் குறைவாகவும் சீழ்ச் செல்கள் 25க்கு மேலாகவும் இருந்தால் அது நெஞ்சிலிருந்து வந்த நல்ல மாதிரி என்பது உலகம் முழுக்கப் புழங்கும் கணக்குகளில் ஒன்று. சாதாரண நியூமோனியாக் கிருமிகளை வளர்த்துப் பார்க்கிற சோதனையில், தட்டைச் செல்களே நிறைந்து கிடந்தால் "இது எச்சில், திரும்பத் தாருங்கள்" என்று எழுத வேண்டியது லேபின் வேலை. அந்த ரிப்போட்டில் மாதிரி எப்படி இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. கிருமி இல்லை என்று மட்டும் இருந்தது. எச்சிலில் இல்லை என்பதும் நெஞ்சில் இல்லை என்பதும் ஒன்றல்லவே, ஒரு மனுசன் அந்தத் தாளை நம்பி மருந்தில்லாமல் வீட்டில் இருந்தார். இந்த லேபுக்கு வேறு சோதனைகளுக்குப் போகலாம், இரத்தச் சோதனை எல்லாம் வேகமாகத்தான் செய்கிறார்கள். சளிக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

இருமல் விடவில்லை. மாமி அழத் தொடங்கிய பிறகுதான் அரசாங்க மார்பு நோய் கிளினிக்குக்குப் போனோம். இரண்டு மாவட்டங்களிலும் இப்படிக் கிளினிக்குகள் இருக்கின்றன, எது என்பது முக்கியம் இல்லை. கட்டிடம் பழையது, வாங்கில் இடம் பிடிக்க வெள்ளனப் போக வேண்டும், ஃபேன் ஒன்று ஓடினால் ஒன்று ஓடாது. ஆனால் எந்த டொக்டரின் துண்டும் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. இருமிக்கொண்டு வந்த ஆளைக் கண்டதும் ஒரு மாஸ்க்கைக் கொடுத்து காற்றோட்டமான பக்கத்தில் இருக்க வைத்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் இந்த முழு ரிவியூவுக்கும் காரணம். ஒரு மிஸ் வந்து மாமாவை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார். முதலில் வெறும் தண்ணீரில் வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொன்னார். பிறகு தானே செய்து காட்டினார்: மூச்சை ஆழமாக இழுத்து, சில விநாடி பிடித்து, மெதுவாக விட வேண்டும். திரும்ப ஒருமுறை அதே மாதிரி. மூன்றாவது தடவை இழுத்த மூச்சோடு வயிற்றிலிருந்து பலமாக இரும வேண்டும். போத்தலின் வாயைக் கீழுதட்டோடு ஒட்டிப் பிடித்து, வந்ததை நேரே உள்ளே விட வேண்டும், வெளியில் படக் கூடாது, உள்பக்கத்தைக் கையால் தொடவும் கூடாது. எல்லாம் சொல்லிவிட்டு அவர் காற்று வருகிற பக்கமாக, மாமாவுக்குப் பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

மாமா முதல் தடவை கொடுத்ததை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஐயா, இது வாய்த்தண்ணி. இன்னொருக்காப் பாப்பம், அவசரம் இல்ல" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில், பின்னால் வரிசை நிற்கும்போதும் நின்று பார்த்தார். அடுத்த முயற்சியில் மாமா இருமின இருமலில் முகம் சிவந்துவிட்டது, ஆனால் போத்தலில் விழுந்தது சரியான சளி. ஒரு தேக்கரண்டி அளவு, 3 முதல் 5 மில்லிலீற்றர் இருந்தால் போதும் என்றார். பெயரைப் போத்தலின் உடம்பில் எழுதினார், மூடியில் எழுதவில்லை. மூடி மாறினால் ஆளே மாறிவிடும் என்று கேட்காமலே விளக்கினார். இன்னொரு போத்தலைத் தந்து, விடியற்காலை எழும்பியவுடன் சாப்பிடும் முன் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். இராத்திரி முழுக்கப் படுத்திருக்கும்போது நெஞ்சில் தேங்கினது காலையில்தான் வசமாக வருமாம். வீட்டிலும் அறைக்குள் எடுக்க வேண்டாம், முற்றத்தில் நின்று எடுங்கள் என்றார். காசநோய்க் கிருமி காற்றில்தான் பரவும், திறந்த வெளியில் காற்றும் வெயிலும் அதைக் கலைத்துவிடும், மூடிய அறையில் அது மணிக்கணக்கில் மிதக்கும். இந்தச் சேவையின் விலைமதிக்க முடியாத பகுதி அந்த மிஸ் செலவழித்த கொஞ்ச நேரம்தான். மெசின் எல்லாம் அதற்குப் பிறகு.

குறையும் சொல்ல வேண்டும். வேப்பமரத்தடி வாங்கில் இருக்கிற எல்லோருக்கும் தெரிகிற இடம். ஆண்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள். முக்காடு போட்ட ஒரு உம்மாவும், எங்களோடு வந்திருந்த ஒரு இளம்பிள்ளையும் இத்தனை பேர் பார்க்க இருமிக் காறுவதற்குக் கூச்சப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டு மெல்லச் செருமி எச்சிலைத்தான் கொடுத்தார்கள். மேலே திறந்த, மூன்று பக்கம் தகரம் அடித்த ஒரு மறைப்புக் கட்டினால் முடிந்தது. பெண்களின் காசநோய் தவறிப்போவதற்கு இப்படியான சின்னக் காரணங்களும் இருக்கின்றன. யாராவது சங்கம், விளையாட்டுக் கழகம், பள்ளிவாசல், கோயில் நிர்வாகம் இதை வாசித்தால் உங்கள் பக்கத்துக் கிளினிக்கில் கேட்டு இதைச் செய்துகொடுங்கள், பெரிய செலவு இல்லை.

சளி உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது என்றும் லேபில் இருந்த தம்பி ஆர்வமாகச் சொன்னார். கண்ணாடித் துண்டில் சளியைத் தடவி, சூடாக்கிச் சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலம் கலந்த மதுசாரத்தால் கழுவினால் மற்றக் கிருமிகளில் பெரும்பாலானவை சாயத்தை விட்டுவிடும், காசநோய்க் கிருமி விடாது, நீலப் பின்னணியில் சிவப்புக் கம்பிகளாகத் தெரியும். ரொபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இந்தக் கிருமியை அறிவித்த கொஞ்ச காலத்திலேயே வந்த முறை இது, இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் ஒரு மில்லிலீற்றர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமி இருந்தால்தான் கண்ணுக்கு அகப்படும். ஜீன்எக்ஸ்பேர்ட் மெசின் கிருமியின் மரபணுவைத் தேடுவதால் நூற்றுச் சொச்சம் இருந்தாலே பிடித்துவிடும், அதன் புதிய அல்ட்ரா கார்ட்ரிட்ஜ் அதைவிடவும் குறைவாக இருந்தாலும் பிடிக்கும். இரண்டு மணித்தியாலத்துக்குள் விடை வரும், காசநோய்க்குக் கொடுக்கிற முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி மசியுமா மசியாதா என்றும் சேர்த்தே சொல்லிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2010 இல் இதைப் பரிந்துரைத்தது. மெசின் இரண்டு மணித்தியாலம் என்றாலும் ரிப்போட் கைக்கு வர அதைவிட நேரம் எடுக்கும், மாதிரிகள் சேர்ந்து வரிசையில் நிற்கும். அந்த இடைவெளியில் பொறுமை வேண்டும், ஆனால் போன் பண்ணிக் கேட்டால் எரிந்து விழாமல் பதில் சொன்னார்கள்.

சளியை விட்டால் நுரையீரலின் உள்ளிருந்து மாதிரி எடுக்கிற முக்கியமான வழி புரொங்கோஸ்கோப்பி, மூக்காலோ வாயாலோ கமராக் குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டுக் கழுவி எடுப்பது. தேவைப்படும்போது அது அருமையான சோதனைதான், ஆனால் மயக்க மருந்து, வெறும் வயிறு, பெரிய வைத்தியசாலை, டாக்டரின் நேரம் எல்லாம் வேண்டும், வயதானவர்கள் பயந்தே செத்துப்போவார்கள். ஊசி, குழாய், கத்தி எதுவும் இல்லாமல் ஒரு இருமலில் நெஞ்சின் உள்ளே எட்டிப் பார்க்க முடிகிறது என்றால் அந்த இருமலை மதித்து வாங்க வேண்டாமா? சளியே வராதவர்களுக்கும் வழி உண்டு. கடல்நீர் மாதிரி உப்புச் செறிந்த நீரை நெபுலைசரில் ஆவியாக்கி இழுக்க வைத்தால் சளி இளகி வரும். முட்டு இழுக்கிறவர்களுக்கு அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடலாம் என்பதால் முதலில் மூச்சுக்குழாயைத் தளர்த்துகிற சல்பூட்டமோல் மருந்தைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்துத்தான் செய்ய வேண்டும். வீட்டு நெபுலைசரில் உப்பைக் கரைத்து யாரும் சுயமாக முயற்சி செய்யாதீர்கள்.

சரி, மாமாவின் ரிப்போட். சாயம் ஏற்றிப் பார்த்ததிலும் காசநோய் இல்லை, ஜீன்எக்ஸ்பேர்ட்டிலும் இல்லை. இந்த முறை அந்த "இல்லை"யை நம்ப முடிந்தது, கொடுத்தது நல்ல சளி. எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு இருந்தது. கிளினிக் டொக்டர் மாமாவின் காலையும் கையையும் பார்த்தார், வயல் வேலையா என்று கேட்டார், சீனி அளவைக் கேட்டார், உடனே பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதினார். அதில் மெலியோய்டோசிஸ் சந்தேகம் என்று எழுதியிருந்தார்.

இதை நம் கிழக்கு மாகாண ஆட்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். மெலியோய்டோசிஸ் மண்ணிலும் சேற்றிலும் வயல் தண்ணீரிலும் வாழ்கிற ஒரு கிருமியால் வருவது. 1912 இல் ரங்கூனில் விட்மோர் என்ற மருத்துவர் முதலில் எழுதியது, இலங்கையில் 1927 இலேயே ஒரு நோயாளி பதிவாகியிருக்கிறார். மட்டக்களப்பில் மழைக் காலத்தை ஒட்டி இந்த நோயாளிகள் வருவதை இங்குள்ள மருத்துவர்களே ஆய்வுக் கட்டுரைகளாக எழுதியிருக்கிறார்கள். தோலில் இருக்கிற வெடிப்பு, கீறல் வழியாகப் போகும், பலத்த மழையிலும் காற்றிலும் மூச்சோடும் போகும். சீனி வருத்தம் உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். நெஞ்சில் இறங்கினால் இருமல், காய்ச்சல், மெலிவு, எக்ஸ்ரேயில் திட்டு, எல்லாம் அச்சொட்டாகக் காசநோய் போலவே இருக்கும். காசநோய்க் குளிசை இதற்கு வேலை செய்யாது. பெனிசிலின், அம்பிசிலின், ஜென்டமைசின் போன்ற வழக்கமான மருந்துகளுக்கும் இது பொதுவாக மசியாது. செஃப்டசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசியாகக் குறைந்தது 10 முதல் 14 நாள் போக வேண்டும், அதன் பிறகு கோட்ரைமொக்சசோல் குளிசை குறைந்தது மூன்று மாதம். பிந்தினால் உயிருக்கே ஆபத்து.

இங்கேதான் சளிப் பரிசோதனையின் இன்னொரு உண்மை இருக்கிறது. லேபுக்கு எதைத் தேட வேண்டும் என்று சொல்ல வேண்டும். சளியில் வாய்க் கிருமிகளும் கலந்தே வரும், கிருமி வளர்க்கிற சாதாரண ஊடகத்தில் (கிருமிக்கான தீனித் தட்டு) வைத்தால் அவை முந்தி வளர்ந்து மெலியோய்டோசிஸ் கிருமியை மூடிவிடும், வளர்ந்தாலும் வேறு ஏதோ சாதாரணக் கிருமி என்று ஒதுக்கிவிட வாய்ப்பு இருக்கிறது. அஷ்டவுன் என்ற தனி ஊடகத்தில் வைத்து, சில நாள் பொறுத்துப் பார்த்தால் அகப்படும். ஆகவே ஃபோமில் மெலியோய்டோசிஸ் என்ற அந்த ஒரு சொல் எழுதப்பட்டிருக்கிறதா என்பது முடிவையே மாற்றும். மாமாவின் சளியிலும் இரத்தத்திலும் அந்தக் கிருமி வளர்ந்தது. வைத்தியசாலையில் வாட்டில் படுக்கை நெருக்கடி, கொசு, இரவில் தங்குகிறவர்களுக்கு இடம் இல்லை, எல்லாம் உண்மை. ஆனால் லேபிலிருந்து வாட் டொக்டருக்கு நேரே போன் வந்தது, தாள் வரும்வரை காத்திருக்கவில்லை, அன்றே மருந்து மாறியது. மாமா இப்போது நடமாடுகிறார், குளிசை இன்னும் ஓடுகிறது, சேற்றில் இறங்க மாமி விடுவதில்லை.

சளியால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று யாரும் நினைக்கவும் கூடாது. திட்டு எவ்வளவு பெரிது, எங்கே இருக்கிறது என்பதற்கு எக்ஸ்ரேயும் ஸ்கேனும்தான் வேண்டும். புற்றுநோயைப் பொறுத்தவரை, சளியில் உதிர்ந்த செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது பழைய முறை, நடு மூச்சுக்குழாய்ப் பக்கத்துக் கட்டியைக் கண்டுபிடித்தாலும் ஓரத்தில் இருப்பதைத் தவறவிடும். 1970களில் அமெரிக்காவில் பெரிய ஆய்வுகள் செய்து பார்த்தார்கள், புகைப்பவர்களின் சளியை ஒழுங்காகச் சோதித்து வந்தும் புற்றுநோய் மரணம் குறையவில்லை. இப்போது அங்கே மூன்று நாள் சளியை வீட்டிலேயே சேகரித்து அனுப்ப, லேசர் கருவியில் இலட்சக்கணக்கான செல்களை எண்ணிப் பார்க்கிற புதுச் சோதனையை விற்கிறார்கள், நமக்கு அது எட்டும் காலத்தில் பேசலாம். சம்மாந்துறைப் பக்கம் நெல் ஆலைகளில் வேலை செய்து இழுப்பு வந்தவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. சளியில் ஈசினோஃபில் என்ற செல்கள் 3 வீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஸ்டீரொயிட் இன்ஹேலர் நன்றாகப் பிடிக்கும் என்று ஆஸ்துமாவுக்கு ஒரு கணக்கு உண்டு. அதை இங்கே வழக்கமாகச் செய்வதில்லை என்று கிளினிக்கில் சொன்னார்கள். ஆலைகள் நிறைந்த ஒரு பிரதேசத்தில் இது வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

இன்னொரு விஷயம், ஊர்வாய். மார்பு நோய் கிளினிக்கில் கண்டார்கள் என்றால் மகளின் கல்யாணப் பேச்சு குழம்பிவிடும் என்று தனியார் லேபைத் தேடிப் போகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். கிளினிக்கில் பெயரைச் சத்தமாகக் கூப்பிடாமல் நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள், ரிப்போட்டை மாமாவின் கையில் மட்டும் கொடுத்தார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல். காசநோய் என்றே வந்திருந்தாலும் ஆறு மாத மருந்து முழுக்க இலவசம், ஒழுங்காகக் குடித்தால் சுகமாகும் நோய் அது.

நீங்கள் போவதென்றால் பழைய எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி, குடிக்கிற குளிசைகளின் பெயர் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். வயலில் இறங்குகிறவர் என்றால், சீனி இருக்கிறது என்றால், டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நல்ல லேபா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: சளி சரியில்லை என்றால் திரும்ப எடுத்துத் தரச் சொல்வீர்களா என்று கேளுங்கள், "ஓம்" என்று சொல்லாத இடத்தில் காசைக் கட்டாதீர்கள். விடியற்காலை எடுத்த போத்தலை மூடி இறுக்கி, பொலித்தீன் பையில் நிமிர்த்தி வைத்து, வெயில் படாமல் அன்று காலையே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மண்முனைப் பாலம் 2014 இல் திறந்த பிறகு இது கஷ்டமே இல்லை, முன்பென்றால் படகுப் பாதைக்குக் காத்திருந்தே பாதி நேரம் போய்விடும்.